சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

உடும்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் அவளுடைய நாத்தனார். செல்லமாக வைத்த பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு அலமாரி எந்த அறையில் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கடைசியில் அலமாரி இவள் சொன்ன அறைக்கே போனது. "உடும்பு தோத்துது போ, பிடிச்சா விடமாட்டேங்கறா" என்று நாத்தனார் தெருவில் நாலு பேரிடம் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் அவள் பாறையில் ஜீப் ஏற்றும் டிரைவராக ஆனபோது, நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அது தொழிலால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை. வசவு பட்டமாகிவிட்டால் யாருக்கு நஷ்டம்?

நிலையம் என்பது மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அலுவலக அறை, ஒரு ஜீப். மலை உச்சியில் வயர்லெஸ் கோபுரம். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். அது ஊமையானால் ஏதாவது ஒரு வீடு எரிந்து முடிந்த பிறகுதான் தண்ணீர் வண்டி வரும். கோபுரத்துக்குப் பாதை என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. பாதி தூரம் மண், மீதி வெறும் பாறை. அந்தப் பாறையில் ஒரு இடத்துக்குப் படிக்கட்டு என்று பெயர். எந்தக் கொத்தன் கட்டியதோ, ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது இடுப்பு உயரம். அதற்கு மேலே வழுக்கு என்கிற சரிந்த பாறை, நடுவில் ஒரு பிளவு.

அந்தப் பாதையில் முன்பு வண்டி ஓட்டியவன் அவள் புருஷன். கோபுரத்தின் கருவிகளைப் பழுது பார்க்கிறவள் அவனுடைய அக்கா, அதாவது நாத்தனார். தம்பி ஓட்டுவான், அக்கா படிக்கட்டிலும் வழுக்கிலும் முன்னால் இறங்கி நின்று கையைக் காட்டுவாள். ஜீப்பில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சக்கரம் எந்தக் கல்லில் இருக்கிறது என்று தெரியாது. வெளியே நிற்பவரின் கைதான் அவனுக்குக் கண்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், இறங்கும்போது, வண்டி வழுக்கில் ஓடிப் போய்க் கவிழ்ந்தது. புருஷனுடைய வலது கால் நசுங்கியது. கம்பி வைத்து ஒட்டினார்கள். நடக்கலாம், கைத்தடி வேண்டும். வண்டி ஓட்ட முடியாது.

அதற்கு முன் உடும்பு ஊருக்குள் கேஸ் சிலிண்டர் ஏற்றும் சின்ன லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். நிலையத்து அதிகாரி கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் இடத்துக்கு நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். வந்தாள். முதல் மாதம் பாறை அவளைப் படுத்தியது. சாலையில் ஓட்டிய கால் அவளுக்கு. சந்தேகம் வந்தால் கிளட்சை மிதி, வேகம் வேண்டுமானால் ஆக்சிலரேட்டரை மிதி என்று பழகிய கால். பாறையில் இரண்டும் ஆகாது. பக்கத்திலிருக்கும் சின்ன நெம்புகோலை இழுத்து நாலு சக்கரத்துக்கும் தாழ்வேகத்தில் இழுவை கொடுத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். வண்டி கிழவன் மாதிரி தானே ஊரும். கல்லைக் கண்டு பயந்து சக்கரங்களுக்கு நடுவில் விட்டு ஓட்டினால் வண்டியின் வயிறு தட்டும். கல்லின் தலையிலேயே டயரை ஏற்ற வேண்டும். ஸ்டியரிங் வளையத்துக்குள் கட்டைவிரலைக் கோர்க்கக் கூடாது. சக்கரம் கல்லில் உதை வாங்கினால் ஸ்டியரிங் சுழன்று விரலை முறித்துவிடும். இதையெல்லாம் அவள் கற்றது திட்டு வாங்கி, கல்லில் இடித்து, ஒரு விரல் வீங்கி.

வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருப்பான். "இறக்கத்துல கிளட்ச் மேல காலை வைக்காதே" என்பான். காலையில் கிளம்பும்போதும் அதைத்தான் சொல்வான். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதைக்கூட அவளே ஒரு லாரிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நாத்தனாரோடு பேச்சு நின்றுபோய் மூன்று வருஷம். அதற்கு முன்னாலும் பெரிய கொஞ்சல் இல்லை, ஆனாலும் போக வர இருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அது முறிந்தது. புருஷன் இவளிடம் சொல்லியிருந்தான்: "அக்கா இடதுபக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினா. திருப்பினேன். போச்சு. அவ பெரிய மனுஷி, நீ போய்க் கேட்டுக்கிட்டு இருக்காதே." கேட்கவில்லை. ஆனால் தன் புருஷன் காலை உடைத்தவள் எதிரே வரும்போது இவள் நடைபாதை மாறிப் போவாள். நாத்தனாரும் இவளைப் பார்த்தால் முகத்தை அலுவலகச் சுவர் மாதிரி வைத்துக்கொள்வாள். தம்பியைப் பார்க்க வருவாள், ஆனால் இவள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. டப்பாவில் சாப்பாடு கொண்டு வந்து வைப்பாள். இவளும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போயிருப்பாள். அவன் இரண்டையும் சாப்பிட்டான். மூன்று வருஷத்தில் நன்றாகவே உப்பினான்.

வேலையிலும் அப்படித்தான். நாத்தனார் மேலே போக வேண்டிய நாளில் இன்னொரு டிரைவர் ஓட்டுவார். இவள் ஓட்டும் நாளில் காவலாளிகளையும் பேட்டரிகளையும் ஏற்றிப் போவாள். அதிகாரிக்கு இந்தக் கீரி பாம்புக் கதை தெரியும், அதனால் நாளைப் பிரித்தே போடுவார்.

ஒரு மழைக்கால மத்தியானம் கோபுரம் ஊமையானது. இன்னொரு டிரைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அதிகாரி இரண்டு பேரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"வேற வழி இல்ல. ரெண்டு பேரும் போயிட்டு வந்துடுங்க."

"நான் நடந்தே போறேன்" என்றாள் நாத்தனார்.

"அந்தப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டா?"

நாத்தனார் கருவிப் பெட்டியைப் பின்னால் வைத்து, தானும் பின் இருக்கையிலேயே உட்கார்ந்தாள். முன் இருக்கை காலியாகக் குலுங்கிக்கொண்டே போனது.

ஏறும்போது சிக்கல் இல்லை. படிக்கட்டில் நாத்தனார் இறங்கி முன்னால் நின்று கையைக் காட்டினாள். உடும்பு அந்தக் கையைப் பார்க்காமல் பக்கக் கதவு வழியாகத் தலையை நீட்டி, தன் கண்ணால் பார்த்து ஏற்றினாள். ஒரு படியில் பின்சக்கரம் வீணாகச் சுற்றிப் புகைந்தது. நாத்தனார் கையைக் கீழே போட்டுவிட்டு, பொதுவாகப் பாறையைப் பார்த்து, "கண்ணு இருக்கறவங்களுக்குத்தானே கை காட்ட முடியும்" என்றாள்.

மேலே ஒரு வயர் எரிந்திருந்தது. நாத்தனார் சீக்கிரமே சரி செய்தாள். ஆனால் அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. உச்சியிலிருந்த காவலாளி, "மழை விட்டதும் போலாமே" என்றார். ஒரே சின்ன அறையில் இரண்டு பேரும் அடைந்து கிடப்பதற்கு வழுக்குப் பாறையே மேல் என்று இருவருக்கும் பட்டிருக்க வேண்டும். கிளம்பினார்கள்.

வழுக்கின் தலையில் உடும்பு வண்டியை நிறுத்தினாள். நாத்தனார் இறங்கி, சரிவில் கொஞ்ச தூரம் போய், வண்டி வரும் தடத்திலிருந்து ஒதுங்கி நின்றாள். வண்டிக்கு வலப்பக்கமாகக் கையை நீட்டி, அந்தப் பக்கம் வா என்று அசைத்தாள். பாறை நனைந்து எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. உடும்பு தாழ்வேக முதல் கியரில் விட்டாள். எஞ்சின் உறுமி உறுமி வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறக்கியது.

வலப்பக்கம் காட்டுகிறாள். இவள் காட்டியதை நம்பித்தானே ஒருத்தர் கால் போயிற்று. உடும்பு இடதுபக்கம் ஒடித்தாள்.

அடுத்த மூச்சில் இடது முன்சக்கரம் பிளவுக்குள் விழுந்தது. வண்டியின் வயிறு பாறையில் மோதியது, பின் வலச்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது, எஞ்சின் அணைந்தது. தூறல் கூரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. உடும்பின் இரண்டு காலும் பிரேக்கின் மேல் இருந்தன. கண்ணாடிக்கு வெளியே வானம் இல்லை, கீழே இறங்கும் பாறைதான் இருந்தது.

நாத்தனார் மெதுவாக ஏறி வந்து, கதவுப் பக்கம் நின்று, சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பேசினாள்.

"கிளட்சைத் தொட்டுடாதே. கியரும் பிரேக்கும் சேர்ந்துதான் வண்டியைப் பிடிச்சிருக்கு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லட்சணம்தான் தொங்குதே. பள்ளத்தை நான் கல்லு போட்டு அடைக்கிறேன். பிரேக்கை விடாதே. விடணும்னு ஆசையா இருக்கும், பொறுத்துக்கோ."

சொல்லிவிட்டு வண்டியின் மூக்குக்கு முன்னால் போய்க் குனிந்தாள். உடும்பு பிரேக்கை மிதித்தபடி அவள் முதுகைப் பார்த்தாள். காலை எடுத்தால் போதும், மூன்று வருஷக் கணக்கு தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தாள்.

நாத்தனார் கல்லை உருட்டி வந்து பிளவில் போட்டாள். ஐம்பது வயதுக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நனைந்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"நான் வலதுன்னுதானே காட்டினேன்? கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"நீங்க காட்டினதை நம்பித்தான் அவருக்குக் கால் போச்சு அண்ணி."

நாத்தனார் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். "என்ன சொன்னே?"

"இடதுபக்கம் திருப்பச் சொல்லிக் காட்டினீங்களாம். அவர்தான் சொன்னார்."

"இடதா? இங்க நின்னுக்கிட்டு எந்தப் பைத்தியமாவது இடதுன்னு காட்டுமா? நான் அன்னைக்கும் வலதுதான் காட்டினேன்." அவள் குரல் உயரவில்லை, இறுகியது. "அவன் என்கிட்ட வேற மாதிரி சொன்னான். விடிஞ்சதும் விடியாததுமா பொண்டாட்டி சண்டை போட்டு அனுப்பினா, மனசே சரியில்ல, நீ காட்டின கையே கண்ணுல படலைக்கான்னு அழுதான்."

"நான் சண்டை போட்டேனா?"

"பின்னே நானா?"

"அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு முந்தின நாளே கிளம்பிப் போயிட்டேன். போன் வந்து, பஸ் பிடிச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கே சாயங்காலம் ஆயிடுச்சு."

நாத்தனார் தூறலில் நின்றுகொண்டே யோசித்தாள். புருஷன் ரத்தத்தில் கிடக்கும்போது சாவகாசமாகச் சாயங்காலம் வந்து நின்றாள் என்று அந்த ஒரு விஷயத்தையே அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். தம்பி மனைவி வெளியூரிலிருந்து வந்தாள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் ஒருவன்தான்.

"அண்ணி, ஒண்ணு கேட்கறேன். அன்னைக்கு வண்டி ஓடினப்ப எஞ்சின் எப்படிக் கத்துச்சு?"

"கத்தலையே."

"நல்லா நினைச்சுப் பாருங்க."

"இதுல நினைக்க என்ன இருக்கு? இன்னைக்கும் தூக்கத்துல வருது. சத்தமே இல்ல. சும்மா நிக்கற வண்டி மாதிரி லேசா ஒரு முனகல். டயர் கல்லுல தேய்ஞ்ச சத்தம்தான் கேட்டுச்சு. நான் ஒதுங்கறதுக்குள்ள என்னை உரசிக்கிட்டுப் போச்சு."

உடும்பு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள். கியரில் இருக்கும் வண்டியைச் சரிவு தள்ளினால் எஞ்சின் ஊரைக் கூட்டும். தள்ளத் தள்ள அலறும், அலறிக்கொண்டே பிடித்து நிறுத்தும். சத்தமில்லாமல் ஓடியதென்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கை சைகையில் தப்பில்லை, காலையில் நடக்காத சண்டையிலும் தப்பில்லை. கிளட்சை மிதித்து அந்தத் தொடர்பை அறுத்திருக்கிறான். 'இறக்கத்துல கிளட்ச் மேல காலை வைக்காதே' என்று அவன் ஏன் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான் என்பது இப்போது புரிந்தது.

"கிளட்சை மிதிச்சிருக்கார்" என்றாள்.

கருவிகளோடு வாழும் நாத்தனாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கீழே போட்ட கல்லை எடுத்தாள். அதைப் பிளவில் போட்ட வேகத்தில் பொறி பறந்தது.

பள்ளம் நிரம்பியதும் தடத்தைவிட்டு விலகி, முன்பு நின்ற இடத்தில் போய் நின்றாள். மறுபடி வண்டிக்கு வலப்பக்கமாகக் கையை நீட்டினாள். உடும்பு இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள், மறந்தும் கிளட்சுக்குப் போய்விடக் கூடாது என்று. முதல் கியரில் இருந்தபடியே சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் முக்கியது. அதன் பலத்திலேயே வண்டி ஒரு சாண் நகர்ந்து கல்லின் மேல் ஏறியது, அந்த அசைவிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. வயிற்றுத் தகடு பாறையில் உரசிக் கீச்சிட்டது. பின்சக்கரம் தரையைத் தொட்டது. கை காட்டிய வலப்பக்கமாகவே திருப்பி, எஞ்சின் உறும உறும இறக்கினாள்.

கீழே வந்ததும் நாத்தனார் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "வீட்டுக்கு விடு" என்றாள்.

இரண்டு பேரும் ஒன்றாக வாசலில் நுழைவதைக் கண்டதும் புருஷனுக்கு முகம் செத்துப் போனது. முக்காலியில் நீட்டியிருந்த காலை மெல்ல இறக்கி வைத்தான். மேசையில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களும் காலியாக இருந்தன.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து?" என்றான்.

"வலதுன்னு காட்டின கையை இடதுன்னு சொன்னியாமே?" என்றாள் அக்கா.

"நான் ஊர்ல இல்லாதப்ப என்கூடச் சண்டை போட்டீங்களாமே?" என்றாள் மனைவி.

அவன் முதலில் மறந்துவிட்டது என்றான். பிறகு தலையில் அடிபட்டதில் குழம்பிவிட்டது என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கைத்தடியால் தரையைக் குத்தினான்.

"ஆமா, மிதிச்சேன். வண்டி வேகமா போற மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். கால் தானா போயிடுச்சு. இத்தனை வருஷம் ஓட்டினவன் கத்துக்குட்டி மாதிரி கிளட்சை மிதிச்சுக் கவுத்தான்னு சொல்லவா? ஊரே சிரிக்கும்."

"ஊர் சிரிக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள சிண்டு முடிஞ்சு விட்டீங்களா?"

"நீங்க மட்டும் அதுக்கு முன்னாடி கொஞ்சிக்கிட்டா இருந்தீங்க? எப்பவும் அடிச்சுக்கிறதுதானே. புதுசா நான் என்ன பண்ணிட்டேன்?"

அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் உடும்பை அதிகம் சுட்டது. நாங்கள் மூட்டிய நெருப்பு என்றே இருக்கட்டும், அதில் மூன்று வருஷம் குளிர் காய்ந்தது யார்? ஆனால் அதைச் சொல்லவில்லை. பதிலுக்கு அவன் ஏதாவது சொல்வான், அதிலும் கொஞ்சம் உண்மை இருந்துவிட்டால் என்ன செய்வது.

நாத்தனார் தன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். "நாளையிலேருந்து சாப்பாடு வராது" என்றாள்.

"என் கையாலயும் வராது" என்றாள் உடும்பு. "கால்தான் போச்சு. கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நாத்தனார் திரும்பினாள். "ஒண்ணு சொல்லிடறேன். உன்னைப் பத்தி நான் வெளியில பேசினதை எல்லாம் வாபஸ் வாங்க மாட்டேன். இந்த விஷயம் போக மீதியெல்லாம் நிஜம்தான்."

"நான் பேசினதும் அப்படித்தான் அண்ணி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்தது லேசான கூத்து இல்லை. அவன் இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தான். யாரும் கெஞ்சவில்லை. மூன்றாம் நாள் தடியை இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றான், பாத்திரத்தைக் கருக்கினான், அவளைத் திட்டினான். அவள் தன் பங்குக்கு மட்டும் சமைத்து, அவன் எதிரிலேயே சாப்பிட்டாள். பார்க்க வருகிறவர்களிடம் அவன் இப்போது பிரேக் பிடிக்கவில்லை என்று மூன்றாவது கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான். ஒருமுறை நிலையத்து அதிகாரியிடமே சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து உடும்பு வந்து, "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சார். கிளட்சை மிதிச்சார்" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துப் போனாள். அதிகாரி டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். வீட்டில் மௌனம் அவளுக்குப் புதிதில்லை. ஆள்தான் மாறியிருந்தது.

நிலையத்தில் அவள் அதிகாரியிடம் போய், நாத்தனார் மேலே போகும் நாட்களைத் தனக்கே போடச் சொன்னாள்.

"ராசியாயிட்டீங்களா?" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க கை சரியாக் காட்டறாங்க."

நாத்தனாரும் மறுக்கவில்லை. முன் இருக்கையில்தான் உட்காருகிறாள். ஜன்னல் கண்ணாடியை எவ்வளவு இறக்குவது என்பதில் தொடங்கி, இருக்கையில் யார் சேற்றை அப்பினது என்பது வரைக்கும் மண்பாதை முழுக்கச் சண்டை நடக்கும். பாறை தொடங்கும் இடத்தில் நாத்தனார் இறங்கி முன்னால் நடப்பாள். அங்கே மட்டும் பேச்சு கிடையாது. கை அசையும், எஞ்சின் உறுமும், சக்கரம் கல்லின் தலையில் ஏறும். படிக்கட்டைத் தாண்டி அவள் மறுபடி ஏறிக் கதவைச் சாத்தும்போது, "கதவை இப்படி அறைஞ்சா தாழ்ப்பாள் போயிடும் அண்ணி" என்பாள் உடும்பு. "உன் அப்பன் வீட்டு வண்டியா?" என்பாள் நாத்தனார்.